திருவிழா அவசரத்தில் பழைய சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

டிசம்பர் 3 சவேரியார் திருநாள். நாகர்கோவில் கோட்டாற்றைப் போல அந்த நாளை ஒட்டித் திருவிழா வைக்கும் கோவில்களில் கொடியேற்றத்துக்குள் எல்லாம் பளபளக்க வேண்டும் என்று வேலை தொடங்குவது ஐப்பசி மழையில். மரச் சுரூபங்கள், அதாவது புனிதர் சிலைகள், ஈரம் குடித்து ஊதியிருக்கும் நேரம் அது. அப்போது அடிக்கும் எனாமல் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். கோடையில் அது கொப்புளித்து உரியும்போது அடியிலிருக்கும் பழைய நிறத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

பழைய மரச் சுரூபங்கள் பலவற்றில் மரத்தின் மேல் சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் நிறம், சில இடங்களில் தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும். அந்தப் பசை தண்ணீரில் கரையும். ஆகவே ஈரத்துணி, சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது. எனாமலை எடுக்கத் தின்னர் தேய்த்தால் அசல் நிறமும் சேர்ந்தே போய்விடும். கண்ணிமை, விரலிடுக்கு போன்ற நுண்ணிய செதுக்கல்கள் பெயிண்டில் மூழ்கினால் முகமே மாறிவிடும். இது பொறுக்க முடியாத இழப்பு.

சுத்தம் செய்ய, காய்ந்த மென்மையான ஆட்டுமுடி பிரஷ் போதும். மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். நிறச்சில்லு ஒன்று அசைந்தாலும் அந்த இடத்தை விட்டுவிட்டு, சிற்பப் பாதுகாப்பு தெரிந்தவரை அழையுங்கள்.

மரப் பீடத்தின் அடியில் மாவு போலத் தூள் கிடந்தால் உடனே மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கறை போகாது; மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. தூளைத் துடைத்துவிட்டு, கருப்புத் தாள் ஒன்றை விரித்து இரண்டு வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் பெரும்பாலும் உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது. விழாவிட்டால் அது வண்டு முன்பு போட்ட பழைய துளையின் தூளாக இருக்கலாம், மழைக்காலத்தில் மறுபடி பாருங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவதும் பீடத்தைக் கெடுக்கும். சுவரின் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி மரத்தின் முதுகைத் தாக்கும். சுவருக்கும் பீடத்துக்கும் இடையே காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். சீரியல் பல்புக்காகப் பீடத்தில் இரும்பாணி அடிக்க வேண்டாம். கடல் காற்றில் அது துருப்பிடித்து, பருத்து, மரத்தைப் பிளக்கும்.

வெள்ளி முலாம் பூசிய பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முலாம் போய், அடியிலிருக்கும் செம்போ பித்தளையோ தெரியும்.

உதிர்ந்த சில்லு நகக்கண் அளவே இருந்தாலும் பசைபோட்டு ஒட்டாதீர்கள், கூட்டித் தள்ளவும் செய்யாதீர்கள். தாள் உறையில் போட்டு, எந்தச் சுரூபம், எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று மேலே எழுதி, பங்கு அலுவலக அலமாரியில் வையுங்கள்.