கம்பியே இல்லாத இடத்தில் 0.3 ஓம்

கம்பியின் நீளம் இரட்டித்தால் அதன் மின்தடையும் இரட்டிக்க வேண்டும். 0.4 மி.மீ. விட்டமுள்ள கான்ஸ்டன்டன் (செம்பு-நிக்கல் கலவை) கம்பியில் எனக்கு 20 செ.மீ.க்கு 1.1 ஓம், 40 செ.மீ.க்கு 1.9 ஓம் வந்தது. வரைபடக் கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் நீளம் பூஜ்யமாகும் இடத்திலும் 0.3 ஓம் காட்டியது.

கம்பியைக் கவ்வும் குரோக்கடைல் கிளிப்புகளை ஒன்றோடொன்று கவ்வவிட்டு அளந்தேன். அதே 0.3! இணைப்பு வயர்களும் கிளிப் தொடும் இடத்து அழுக்கும்தான் காரணம்.

கம்பியை உப்புத்தாளால் தேய்த்தேன். அப்புறம் வோல்ட்மீட்டர் முனைகளை அந்தக் கிளிப்புகளிலிருந்து கழற்றி, கம்பியின் மேலேயே இரு புள்ளிகளில் தனியாகத் தொட வைத்தேன். உண்மையில் காப்பாற்றியது இதுதான். வோல்ட்மீட்டர் வழியே மின்னோட்டம் கிட்டத்தட்ட ஓடாது. அதனால் அதன் வயர்களின் தடை கணக்கில் சேராது.

இப்போது 0.78, 1.57 ஓம். கோடு பூஜ்யத்தைத் தொட்டது. கம்பி சூடாகாதிருக்க, அளக்கும் நேரத்தில் மட்டும் சுவிட்சைப் போடுகிறேன்.