பேக்கப் வேறு சர்வருக்குப் போனால் நாம் செய்யும் தவறுகள்

பேக்கப் தினமும் ஓடுகிறது, பச்சை டிக்கும் விழுகிறது. ஒருநாள் ஒரு கோப்பைத் திரும்ப எடுக்கப் போனால், நாம் நினைத்த சர்வரில் போன மாதத்துப் பிரதிதான் கிடக்கிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறொரு சர்வரில் சேர்ந்திருக்கிறது. உடனே எல்லோரும் சர்வரில் கைவைப்பார்கள். ஆனால் எந்தச் சர்வருக்குப் போவது என்று பெரும்பாலும் முடிவெடுப்பது பயனரின் கணினிதான். விசாரணையும் அங்கேதான் தொடங்க வேண்டும். நம் லேப்டாப்பில் சோதித்துவிட்டு "எனக்குச் சரியாத்தானே வருது" என்பது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சலா என்று நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

அந்தக் கணினியிலேயே உட்கார்ந்தாலும், சர்வர் பெயருக்குரிய முகவரியைக் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்கப் கட்டளையை மட்டும் நம்பக் கூடாது. அது, பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கும். கணினியிலேயே பெயர்களையும் முகவரிகளையும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும், முன்பு கிடைத்த பதில்களைக் கணினி நினைவில் வைத்திருக்கும் கேஷையும் கண்டுகொள்ளாது. எப்போதோ யாரோ ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி மறந்த பழைய முகவரிக்குத்தான் பேக்கப் போய்க்கொண்டிருக்கும். பேக்கப் ஓடும்போதே, நடப்பு இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைப் போட்டு, இணைப்பு எந்த ஐபி முகவரியோடு நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஊகம், இது சாட்சி.

அந்தச் சாட்சியை நாமே அழிப்பதும் நடக்கும். வந்ததும் கேஷைக் காலி செய்வது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது. பிரச்சினை தற்காலிகமாக மறையும், காரணமும் கூடவே மறையும். நானும் இதைச் செய்துவிட்டு அடுத்த வாரம் அதே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கேஷில் இருப்பதைக் குறித்துக்கொண்டு, அப்புறம் அழியுங்கள்.

எஸ்ஆர்வி பதிவை (ஒரு சேவை எந்தச் சர்வரில் கிடைக்கும் என்று சொல்லும் டிஎன்எஸ் குறிப்பு) வைத்துச் சர்வரைத் தேடும் அமைப்புகளில் முன்னுரிமை எண்ணைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. 10, 20 என்று இரண்டு பதிவுகள் இருந்தால் 10-தான் முதலில். அது கிடைக்காவிட்டால்தான் 20. எடை என்னும் எண் அதற்கு நேர்மாறு: ஒரே முன்னுரிமை உள்ளவற்றுக்குள் எடை கூடியதற்கு அதிகப் பங்கு.

விண்டோஸ் டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) அடிக்கடி மாட்டிக்கொள்வது சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கின் ஒரு முகவரிப் பகுதியில். புதிதாக ஒரு சப்நெட்டைத் தொடங்கிவிட்டு, டொமைனின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் அதை எந்த சைட்டோடும் (ஓர் இடத்தைக் குறிக்கும் பெயர்) இணைக்காமல் விட்டுவிடுவோம். அருகில் எந்தச் சர்வர் இருக்கிறது என்று தெரியாததால் அந்தக் கணினிகள் தொலைவில் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் நெட்லாகன் லாகில் 'நோ கிளையன்ட் சைட்' என்ற வரி இருந்தால் காரணம் இதுதான். சப்நெட்டைச் சேர்த்த கையோடு சோதித்து "சரியாகவில்லை" என்று அடுத்ததைக் கிளறாதீர்கள். டிஎஃப்எஸ் கோப்புறை (பல சர்வர்களில் உள்ளதை ஒரே பெயரில் காட்டும் விண்டோஸ் கோப்புறை) என்றால், கிடைத்த சர்வர் பட்டியலைக் கணினி இயல்பாக 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம், நினைவில் வைத்திருக்கும். முதன்மைச் சர்வர் விழுந்து எழுந்தாலும் கணினி உடனே அதற்குத் திரும்பாது. திரும்பச் சொல்லும் ஃபெயில்பேக் அமைப்பு இயல்பில் அணைந்தே இருக்கும்.

சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போகிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். விண்டோஸ் ஷேருக்கு 445, பாதுகாப்பான தொலை இணைப்பான எஸ்எஸ்எச்சுக்கு 22 என்று பேக்கப் போகும் போர்ட், அதாவது அந்தச் சேவையின் வாசல், திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. டிஎன்எஸ்ஸில் பழைய ஐபிவி6 முகவரி மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபிவி4, ஐபிவி6 என்ற இரு வகை முகவரியும் இருந்தால் கணினி வழக்கமாக ஐபிவி6-ஐத்தான் முதலில் முயலும்.

கோப்பைத் துண்டுகளாக்கிப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் டாஹோ-லாஃப்ஸ் போன்ற பகிர்ந்த சேமிப்பில் "சரியான சர்வர்" என்று ஒன்றைத் தேடுவதே தவறு. ஒவ்வொரு கோப்புக்கும் ஹேஷ் (தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கணக்கில் சர்வர்களின் வரிசை மாறும். இயல்பு அமைப்பில் கோப்பு 10 துண்டாகும், மீட்க 3 போதும், ஆனால் குறைந்தது 7 சர்வர்களிலாவது பரவ வேண்டும். மூன்றே சர்வரை வைத்துக்கொண்டு அந்த எண்களை மாற்றாமல் விட்டால் பதிவேற்றமே தோற்கும். நெட்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்ததும், தவறிப்போய் வேறு சர்வரில் விழுந்த பிரதிகளை அழிக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். முழு பேக்கப் ஒரு சர்வரிலும் அதன் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப் இன்னொன்றிலும் இருந்தால், இரண்டும் சேர்ந்தால்தான் தரவு மீளும். சரியான சர்வரில் புதிதாக ஒரு முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்த பிறகு பழையதைத் தொடுங்கள்.