பாடுகளின் காலத்தில் விசுவாசிகள் செய்யும் தவறுகள்

நோயிலும் துக்கத்திலும் இருப்பவர்களைச் சந்தித்து ஜெபிக்கும் ஊழியத்தில் புதிதாகச் சேருகிறவர்களைக் கவனிக்கிறேன். தொடக்க காலத்தில் நாங்கள் பேசிய அதே பேச்சு அவர்கள் வாயிலும் வருகிறது. துன்பப்படுகிறவர்களும் அதையே தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். ஜெபத்தை விடாதீர்கள், ஆராதனையைத் தவறவிடாதீர்கள் என்பதையெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் சொல்லும். நான் எழுதுவது, பக்தி என்று நினைத்தே நாம் செய்யும் தவறுகளைப் பற்றி.

பாடு வந்ததும் பாவக்கணக்கு எடுப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

முதுகெலும்பில் நோய் வந்து படுக்கையில் விழுந்த ஒரு சகோதரியை அறிவேன். பல ஆண்டுகள் மற்றவர்களுக்காக முழங்காலில் நின்றவர். அவரைப் பார்க்க வந்த சிலர் ஜெபித்தார்கள், சுகம் வரவில்லை. அடுத்த முறை வந்தபோது, "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் யோசித்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, சிறுவயதில் தாயிடம் சொன்ன பொய்யிலிருந்து எழுதத் தொடங்கினார். வலி குறையாத ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரி கூடியது. எழுத இனி எதுவுமில்லை என்றானபோது, வந்தவர்கள் அடுத்த காரணத்தைச் சொன்னார்கள்: "உங்கள் விசுவாசம் போதவில்லை." அதன் பிறகு அவரால் ஒரு ஜெபத்தையும் நிம்மதியாக முடிக்க முடியவில்லை. ஆமென் சொன்ன கையோடு, உள்ளே சந்தேகம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவார். கடைசியில் வேதத்தைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். திறந்தால் ஒவ்வொரு வசனமும் தன்னைக் குற்றம் சாட்டுகிறது என்றார்.

கிறிஸ்துவைப் பார்க்க வேண்டிய கண்கள் தன் விசுவாசத்தையே அளந்துகொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அளந்து பார்க்கிற யாருக்கும் அது போதுமானதாகத் தெரியாது. சுகத்தை வாங்கக் கொடுக்கும் விலையாக விசுவாசத்தை ஆக்கிவிட்டோம். ஆறுதல் மிகவும் தேவைப்படும் நேரத்தில், ஆறுதல் கிடைக்கும் இடத்துக்கே அவர் போகப் பயப்படும்படி செய்துவிட்டோம். சொன்னவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள்.

வேதத்தில் இதற்கு இடமே இல்லை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று பதில் வந்தது (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13). எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் மூன்று நண்பர்களும் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்தபோது அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம், தம்மிடம் வழக்காடிய யோபின்மேல் வரவில்லை. தமக்காக வாதாடுவதாக எண்ணிய அந்த நண்பர்கள்மேல் வந்தது.

எபிரெயர் 11-ஐப் பொறுமையாக வாசியுங்கள். விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பியவர்கள் 34ஆம் வசனத்தில் இருக்கிறார்கள். பட்டயத்தால் வெட்டுண்டு இறந்தவர்கள் 37ஆம் வசனத்தில் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் கிடைத்தது ஒரே நற்சாட்சி. பவுலின் உடலில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய்கள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தன் கடைசி நிருபத்தில் எழுதுகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் அங்கே இல்லை.

அப்படியானால் தன்னை ஆராயவே கூடாதா? ஆராயலாம். ஆவியானவர் பாவத்தை உணர்த்தும்போது அது இன்னது என்று தெரியும். அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு, காரியம் அங்கே முடிகிறது. எதற்கென்று தெரியாமல், முடிவும் இல்லாமல் நெஞ்சை அரிக்கிற குற்றச்சாட்டு அவரிடமிருந்து வருவதல்ல. அந்த நோட்டுப் புத்தகத்தில் பாதிக்குமேல் அந்தச் சகோதரி எப்போதோ அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றவைதான்.

புலம்பலுக்குத் தடை போடுவது

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தவரிடம், "அழாதீர்கள், ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அது நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் சபை பாடுவதற்கென்றே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கீதக்காரன் கசந்து பேசுகிறான், ஆனால் தேவனிடமே பேசுகிறான். அவர்மேல் உள்ள மனத்தாங்கலை அவரிடமே சொல்லுங்கள். மனத்தில் கோபத்தை வைத்துக்கொண்டு வாயால் மட்டும் துதித்துக்கொண்டிருந்து, பிறகு சத்தமில்லாமல் சபையை விட்டு விலகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாக்குத்தத்தத்தை வெட்டி எடுப்பது

"தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற எரேமியா 29:11 ஆண்டு வாக்குத்தத்த அட்டைகளில் தவறாமல் வரும். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அச்சிடுவதில்லை. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது அது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம்; அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப்போகும் நாளைக் கண்டிருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்த கட்டளை: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள். அடுத்த வாரம் விடுதலை என்று நம்பி இருக்கிறவருக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு தோல்வி. நீண்ட துன்பத்துக்கு ஆயத்தப்படுவது அவிசுவாசம் அல்ல.

மருந்தை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள். பவுலோடு கடைசிவரை இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

படுக்கையில் இருப்பவரிடம் சாட்சி கேட்பது

தேவன் தனக்குச் செய்ததை மற்றவர்களுக்குச் சொல்வது பிறகு ஆகட்டும். முதலில் அவர் எழுந்து உட்காரட்டும்.

யாரிடமும் சொல்லாமல் தாங்குவது

"ஆண்டவர் மட்டும் எனக்குப் போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் உண்டு. கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட இருக்கும்படி கேட்டார். மக்கெதோனியாவில் பவுல் சோர்ந்திருந்தபோது, உடன் ஊழியன் தீத்து வந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்று எழுதினார். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை"க் கண்டார் என்றிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் எவ்வளவு விசுவாசித்தான் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. ஜெபிக்க வாய் வராத நாட்களில் உங்களுக்காக ஜெபிக்க இரண்டு மூன்று பேரையாவது இப்போதே சொல்லி வையுங்கள். கேள்வி கேட்டுத் துளைக்காதவர்களாகப் பாருங்கள்.