பார்ப்பவருக்குப் புரியாதோ என்று பயப்படாதீர்கள்: அறிவியல் நாவலைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேவிட் லிஞ்ச் 1984-இல் எடுத்த ‘டியூன்’ ஓர் இளவரசியின் முகத்தோடு தொடங்குகிறது. விண்மீன்களுக்கு நடுவிலிருந்து அவள் நம்மைப் பார்த்துப் பேசுகிறாள். ஆண்டு 10191 என்கிறாள். ஆள்வது யார், ஸ்பைஸ் என்ற பொருள் எதற்கெல்லாம் பயன்படுகிறது, அது இல்லாமல் விண்வெளிப் பயணம் ஏன் நடக்காது என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். மங்கி மறைகிற நேரத்தில் திரும்பி வந்து, ‘ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன்’ என்று இன்னொரு செய்தியையும் சேர்க்கிறாள்: அந்த ஸ்பைஸ் ஒரே ஒரு கோளில்தான் கிடைக்கிறது. இவ்வளவு சொல்லியும் தயாரிப்பாளர் தரப்புக்குத் தைரியம் வரவில்லை. அமெரிக்காவில் சில தியேட்டர்களில் படத்தின் சொற்களுக்குப் பொருள் அச்சிட்ட தாளை ரசிகர்கள் கையில் கொடுத்தார்கள்.

சிக்கலான அறிவியல் நாவலைத் திரைக்குக் கொண்டுவருவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அச்சத்திலிருந்துதான் பிறக்கின்றன. இந்தப் படத்தின் மூலமான, ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவலின் கடைசியில் பின்னிணைப்புகளும் சொற்பொருள் பட்டியலும் உண்டு. சந்தேகம் வந்தால் வாசகர் புரட்டிப் பார்த்துக்கொள்வார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லைதான். அதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒப்பித்துவிட்டால், கேள்வி எழும் முன்பே பதில் வந்து விழுகிறது. கேட்காத கேள்விக்கு வந்த பதில் மனதில் நிற்காது.

இந்தக் கதையுலகில் கணினிக்குத் தடை. கணக்குப் போடுவதற்கென்றே பயிற்சி பெற்ற மனிதர்கள் இருக்கிறார்கள். நாவலில் இதன் பின்னால் ஒரு புனிதப் போரின் வரலாறே இருக்கிறது. இதே நாவலிலிருந்து டெனி வில்நவ் 2021-இல் எடுத்த படத்தில் பேரரசரின் தூதர் படை பரிவாரங்களோடு வந்து இறங்குகிறார். இவ்வளவு தூரம் வர எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கேள்வி எழுகிறது. கதாநாயகன் பாலின் தந்தையான டியூக்கின் ஆலோசகர் ஹவாட்டின் கருவிழிகள் மேலேறி வெள்ளை மட்டும் தெரிகிறது. தொகை வாயிலிருந்து வந்துவிடுகிறது. கணினியைப் பற்றியோ போரைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. இந்த மனிதர் என்ன செய்கிறார் என்பது குழந்தைக்கும் புரிந்துவிடும். எப்படிச் செய்கிறார் என்ற ஆவல் மட்டும் மிச்சமிருக்கும், இருக்கவும் வேண்டும்.

அடுத்தது, மனதுக்குள் ஓடுவதையெல்லாம் குரலாக ஒலிக்க விடுவது. ஹெர்பர்ட் ஒரே காட்சியில் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் புகுந்து வெளியேறுகிறார். லிஞ்ச் அதைக் கிசுகிசுக் குரலில் அப்படியே பின்னணியில் ஓடவிட்டார். நடிகரின் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் குரலும் சொல்ல, காட்சி தளர்ந்துபோகிறது. வில்நவ் தாய் ஜெசிக்காவுக்கும் மகன் பாலுக்கும் இடையே ரகசிய விரல் சைகைகளை வைத்தார். நாவலில் வரும் புகழ்பெற்ற விருந்துக் காட்சியை முழுவதுமாக விட்டுவிட்டார். நாவலின் ரசிகர்கள் பலருக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்த விருந்தின் விறுவிறுப்பு முழுக்கப் பேசப்படாத எண்ணங்களில் இருக்கிறது. படமாக்கினால் மேசையைச் சுற்றி அமர்ந்து நாசூக்காகப் பேசுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

எதை விடுவது என்பதைவிட எதை விடக்கூடாது என்பதுதான் கடினமான முடிவு. பாலைவனக் கோளான அராக்கிஸில் டியூக்கின் மாளிகைக்கு வெளியே இருபது பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. நாவலில் டியூக் குடும்பத்தின் மருத்துவரான டாக்டர் யூவே ஜன்னலருகே நின்று ஜெசிக்காவுக்குக் கணக்குச் சொல்கிறார்: ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர், ஒரு மனிதருக்கு 8 லிட்டர், ஆகவே ஒரு மரம் ஐந்து பேரின் தண்ணீரைக் குடிக்கிறது. வில்நவ் படத்தில் இதைச் சொல்பவர் ஒரு தோட்டக்காரர். சொல்லும்போது மரத்துக்கு நீர் விட்டுக்கொண்டிருக்கிறார். இருபது மரம், நூறு உயிர். அகற்றிவிடலாமா என்று இளைஞன் பால் கேட்கிறான். கூடாது, இவை புனிதமானவை என்கிறார். எதிரிகள் தாக்கும் இரவில் அதே மரங்கள் பற்றி எரிகின்றன. லிட்டர் கணக்கு போய்விட்டது, சொல்பவரும் இடமும் மாறிவிட்டன. ஆனால் தண்ணீர்தான் இங்கே உயிர் என்ற நாவலின் அச்சாணி அசையவில்லை.

அந்த அச்சாணியைக் கழற்றுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. லிஞ்சின் படம் மழையோடு முடிகிறது: பால் வெற்றி பெறுகிறான், வானம் திறந்துகொள்கிறது. பார்க்க அழகான காட்சி. ஆனால் நாவலின் கணக்குப்படி தண்ணீர், அந்தப் பாலைவனத்தில் வாழும் ராட்சத மணற்புழுக்களைக் கொல்லும் நஞ்சு. அந்தப் புழுக்களின் வாழ்க்கைச் சுழற்சியிலிருந்துதான் ஸ்பைஸ் உருவாகிறது. கோளைப் பசுமையாக்க, அங்கே வாழும் பாலைவன மக்களான ஃப்ரெமென் தலைமுறை தலைமுறையாக நீரைச் சேமித்து வைப்பதே, அது ஒரு நாளில் ஆகிற காரியமில்லை என்பதால்தான். ஒரே மழையில் சூழலியல் நாவல் ஒன்று அற்புதக் கதையாகிவிட்டது. இன்னொரு கேடும் உண்டு. வசீகரமான தலைவனை நம்பி மக்கள் தங்களையே ஒப்படைத்துவிடும் ஆபத்தைத்தான் ஹெர்பர்ட் எழுதினார். மழையை வரவழைப்பவன் தலைவன் அல்ல, கடவுள். கடவுளைச் சந்தேகிக்க யாருக்கும் காரணமில்லையே!

இந்த எச்சரிக்கையை நாவல் பெரிதும் பாலின் மனக் குழப்பத்தின் வழியாகச் சொல்கிறது. கேமராவால் அங்கே நுழைய முடியாது. 2024-இல் வந்த வில்நவ் படத்தின் இரண்டாம் பாகம் அந்தச் சந்தேகத்தை எடுத்து அவன் காதலி சானியிடம் கொடுத்தது. நாவலில் அவனோடு இருந்துவிடும் சானி, படத்தின் முடிவில் விலகிப் போகிறாள். மூலத்துக்குத் துரோகம் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. நிகழ்ச்சி மாறியதுதான், ஆனால் நாவலின் கருத்தை இதைவிடத் தெளிவாகத் திரையில் சொல்ல வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நல்ல படமும் சறுக்கும். டாக்டர் யூவே துரோகி என்பதை நாவல் தொடக்கத்திலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறது. அதனால் அவர் பாலிடம் அன்பாகப் பேசும் ஒவ்வொரு முறையும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. 2021 படம் அதை மறைத்து வைத்து, திடீர்த் திருப்பமாக்கியது. ஒரு நிமிட அதிர்ச்சி கிடைத்தது. பல காட்சிகளுக்கு நீண்டிருக்க வேண்டிய பதைப்பு போயிற்று. நாவல் முன்கூட்டியே சொல்லும் ரகசியத்தைப் பூட்டி வைக்க நினைப்பவர்கள், ஆசிரியர் ஏன் சொன்னார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். 1970-களில் இயக்குநர் அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி இதே நாவலை வைத்துத் திட்டமிட்ட படம் பல மணி நேரம் ஓடக்கூடியது. பெரிய ஸ்டுடியோக்கள் பணம் போட முன்வராமல் கைவிடப்பட்டது. லிஞ்ச் முழு நாவலையும் 137 நிமிடத்துக்குள் அடைத்தார். இரண்டாம் பாதி சுருக்கக் குறிப்புபோல ஓடுகிறது. வில்நவ் இரண்டாகப் பிரித்தார். பிரித்தால் மட்டும் போதாது, எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டும். பக்க எண்ணிக்கையில் பாதியைத் தேடுகிறவர்கள் இங்கே தவறிவிடுகிறார்கள். முதல் படம் பால் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவனைக் கொல்லும் இடத்தில் முடிகிறது. போர் நடக்கவில்லை, பழி தீரவில்லை. ஆனால் தாய் வேறு கோளுக்குத் தப்பிவிடலாம் என்று சொல்லியும் பாலைவனத்திலேயே இருப்பது என்று அவன் முடிவெடுத்துவிட்டான். படம் வெளியானபோது இரண்டாம் பாகத்துக்கு ஒப்புதலே கிடைத்திருக்கவில்லை. ஒருவேளை கிடைக்காமலே போயிருந்தாலும், ஒரு சிறுவன் பெரியவனான கதையாக அது தன் காலில் நின்றிருக்கும்.