தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கா? படிப்படியாகப் புரிந்துகொள்வோம்

தேர்தல் வழக்கு எப்படி முடியும் என்பதை மேடைப் பேச்சை வைத்துக் கணிக்க முடியாது. கீழே உள்ள வரிசையில் பாருங்கள், எந்த நாட்டு வழக்கும் பிடிபடும்.

படி 1: கெடு

கென்யாவில் அதிபர் தேர்தல் முடிவு அறிவித்த 7 நாளுக்குள் மனு போட வேண்டும். அடுத்த 14 நாளுக்குள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்தியாவில் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு 45 நாள், உயர் நீதிமன்றத்தில். கெடு தாண்டினால் வலுவான புகாரும் எடுபடாது.

படி 2: குற்றச்சாட்டில் விவரம்

எந்த வாக்குச்சாவடி, எந்தப் படிவம், எத்தனை வாக்கு என்று மனு சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக "மோசடி" என்றால் நிற்காது. மலாவியில் 2019 தேர்தலின் முடிவுத் தாள்களில் ஒயிட்னர் பூசித் திருத்தியிருந்தார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய ஆதாரம் அது. 2020 பிப்ரவரியில் முடிவு ரத்தானது.

படி 3: தவறு முடிவைப் பாதித்ததா?

வழக்கின் உயிரே இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். சின்னத் தவறுகூட இல்லாத தேர்தல் அபூர்வம். அதனால் வெற்றி வித்தியாசத்தையும் பிரச்சினைக்குரிய வாக்குகளையும் ஒப்பிடுங்கள். 10,000 வித்தியாசத்தில் வென்றவரை 500 சந்தேக வாக்குகள் பொதுவாக அசைக்காது.

ஆஸ்திரியாவில் 2016 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் வித்தியாசம் 30,863. விதி மீறிக் கையாளப்பட்ட வாக்குகளோ 77,000-க்கும் மேல். யாரும் வாக்கை மாற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் முடிவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு என்பதே போதும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சரி, எண்ணிக்கையையே நம்ப முடியாவிட்டால்? கென்யாவில் 2017-இல் வித்தியாசம் சுமார் 14 லட்சம். ஆனால் முடிவுகளை அனுப்பிச் சரிபார்த்த முறை சட்டப்படி இல்லை. முடிவுகள் பதிவான கணினி சர்வரைப் பார்க்க அனுமதிக்கும்படி நீதிமன்றம் போட்ட உத்தரவையும் தேர்தல் ஆணையம் முழுதாக நிறைவேற்றவில்லை. 4-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தேர்தல் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. கணக்குப் புத்தகத்தைக் காட்டாமல் கூட்டுத்தொகையை மட்டும் எப்படி நம்புவது?

படி 4: நிவாரணம்

மனு தள்ளுபடியாகலாம், மறுதேர்தல் வரலாம். இந்தியா போன்ற சில நாடுகளில் வேறொருவரை வென்றவராகவும் அறிவிக்கலாம். முடிவு ரத்தானதும் மனு போட்டவர் ஜெயித்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஆஸ்திரியாவில் முதலில் வென்றிருந்த வான் டெர் பெல்லனே மறுபடியும் வென்றார், மலாவியில் ஆட்சி மாறியது. அப்புறம், மேல்முறையீடு உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போகலாம். கென்ய அதிபர் வழக்கு தொடங்குவதும் முடிவதும் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயேதான்.