மாஸ்டடானில் கணக்குத் தொடங்குதல்: சர்வர் தேர்விலிருந்து இடமாற்றம் வரை

2022 அக்டோபரில் ட்விட்டர் ஈலான் மஸ்க்கின் கைக்குப் போனபின் அதைப் போன்ற சமூக வலைப்பின்னலான மாஸ்டடானுக்கு வந்தவர்களுள் நானும் ஒருவன். அவசரத்தில், முதலில் கண்ணில் பட்ட சிறிய சர்வரில் கணக்குத் தொடங்கினேன். பதினான்கு மாதங்கள் கழித்து ஒரு காலையில் அந்த முகவரி திறக்கவில்லை. முன்னறிவிப்பும் இல்லை, என் பதிவுகள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே சர்வர் தேர்வைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்லப்போகிறேன்.

மாஸ்டடான் என்பது 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதைத் தனிநபர்களும் குழுக்களும் தத்தம் சர்வர்களில் நிறுவி, பெரும்பாலும் கைக்காசிலும் நன்கொடையிலும் நடத்துகிறார்கள். ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறையால் இவை இணைந்திருப்பதால், எந்தச் சர்வரில் இருந்தாலும் மற்றொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம்.

முதலில், ஜாயின்மாஸ்டடான்.ஆர்க் தளத்தின் பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள். அதில் இடம்பெறும் சர்வர்கள் நாள்தோறும் காப்புநகல் எடுப்பதாகவும், மூடுவதானால் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே தெரிவிப்பதாகவும் உறுதி கொடுத்தவை. பிறகு, பிடித்த சர்வரின் அறிமுகப் பக்கத்துக்குச் சென்று, நடத்துபவர் யார், விதிகள் என்ன, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று படியுங்கள். இவற்றுக்கு விடை கிடைக்காத சர்வர், எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

அடுத்து, பதிவு செய்யுங்கள். சில சர்வர்களில் சேர விரும்பும் காரணத்தைக் கேட்பார்கள். "சும்மா பார்க்க" என்று எழுதி ஒருமுறை நிராகரிக்கப்பட்டேன், இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முகப்பு வெறிச்சோடித் தெரியும். நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் மட்டுமே அங்கே கால வரிசையில் வரும் என்பதால், ஆட்களையும் ஹேஷ்டேகுகளையும் நீங்களே தேடிப் பின்தொடர வேண்டும். ஒரு பதிவை விரும்பினால் எழுதியவருக்குத்தான் அறிவிப்புப் போகும். பிறரிடம் அது போய்ச் சேர பூஸ்ட், அதாவது மறுபகிர்வு, செய்ய வேண்டும்.

எழுதும்போது, வழக்கமாக 500 எழுத்துகள்வரை இடம் உண்டு. பெட்டியின் அருகிலுள்ள மொழித் தெரிவில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். ஆங்கிலம் என்றே விட்டுவிட்டால், பலருடைய பதிவுகளும் வரும் பொது ஓடைகளில் தமிழை மட்டும் வடிகட்டிப் படிப்பவர்களின் கண்ணில் உங்கள் பதிவு படாது. தனிச்செய்தியிலும் கவனம் தேவை: அதில் யாருடைய பயனர்பெயரை @ குறியுடன் எழுதினாலும் செய்தி அவருக்கும் போய்விடும். நண்பர் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் குறைப்பட்டுக்கொண்டபோது இதை அறிந்துகொண்டேன். மேலும், தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சர்வர் நடத்துபவரால் அவற்றைப் படிக்க இயலும்.

பின்னாளில் சர்வர் மாற நேர்ந்தால், புதிய கணக்கின் அமைப்புகளில் பழைய முகவரியை முதலில் பதிந்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்குங்கள். உங்களைப் பின்தொடர்வோர் தாமாகவே உங்களோடு வந்துவிடுவார்கள், பதிவுகள் வாரா. நீங்கள் பின்தொடர்வோரின் பட்டியலை சிஎஸ்வி என்னும் அட்டவணைக் கோப்பாக இறக்கிப் புதிய கணக்கில் ஏற்ற வேண்டும். இவை யாவும் பழைய சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான் நடக்கும் என்பதால், மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தக் கோப்பையும் பதிவுகளின் தொகுப்பையும் கணினியில் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.