டிவிக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் வேளச்சேரி வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டு 15 சென்டிமீட்டர் உயரம்தான். டிவியில் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டரை அதில் வைக்க ஆசை. அதற்கு அடங்கும் கேபினெட் (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) தேடி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய டிவிடி பிளேயர் போலப் படுத்திருக்கும் கறுப்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. உயரம் 10 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் சதுரமான மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் ஹார்ட் டிஸ்க் தட்டை மாட்டப் போனால் சிபியு கூலரில், அதாவது பிராசஸரைக் குளிர்விக்கும் ஃபேனில், இடித்தது. பெட்டியின் வெளி அளவைப் பார்த்தவன் உள்ளே பார்க்கவில்லை. சிபியுவிலிருந்து தட்டு வரை ஸ்கேல் வைத்தேன்: 45 மில்லிமீட்டர். அப்புறம் 37 மில்லிமீட்டர் உயர நாக்டுவா கம்பெனி கூலர் வாங்கினேன். விலை கொஞ்சம் வலித்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அது மே மாதம். படம் போட்ட அரை மணியில் ஃபேன் இரைய, "மிக்ஸி ஓடுதாடா?" என்றார் அம்மா. கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரையான பயாஸில் பார்த்தால் சிபியு சூடு 88 டிகிரி! ஸ்டாண்டின் முதுகில் பிளைவுட் அடித்திருந்ததால், தான் வெளியே தள்ளிய சூட்டையே பெட்டி திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. கையை விட்டால் இட்லிப் பானை ஆவி. கார்பென்டரைக் கூப்பிட்டு, பின்பலகையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டச் சொன்னேன். பத்து நிமிட வேலை. இப்போது அதே படத்துக்கு 66 டிகிரி, ஃபேன் சத்தமே இல்லை.

பெட்டியில் கண்ணைக் குத்திய நீல விளக்குக்கு மட்டும் இன்சுலேஷன் டேப்.